தூங்கிக்கொண்டே படிக்கும் இஞ்ஞாசிமுத்து

மணி இரண்டரை ஆனதும் இஞ்ஞாசிமுத்து தலையைக் கட்டிக்கொள்கிறார். கைப்பேசியின் ஒயரை இரண்டு காதிலும் சொருகி, அது நழுவாமலிருக்கத் துண்டைத் தாடைக்குக் கீழே கொடுத்து உச்சந்தலையில் ஒரு முடிச்சு. பார்க்கிறவர்கள் கடைவாய்ப்பல் வலி என்றுதான் நினைப்பார்கள். சிலுவை போட்டுக்கொண்டு சாய்வு நாற்காலியில் சாய்ந்தால் இரண்டே நிமிடத்தில் குறட்டை. ஆனால் அதைத் தூக்கம் என்று சொன்னால் அவருக்குக் கோபம் வந்துவிடும். அவர் ஹொக்கியன் என்கிற சீன பாஷை படிக்கிறார்.

"ஒடம்புதான் தூங்குது பிரிஜெட்டு. மூள ஓவர்டைம் பாக்குது லா!"

எல்லாம் வாட்சாப்பில் வந்த ஒரு வீடியோ செய்த வேலை. தூக்கத்தில் சொற்களைக் கேட்டால் எந்தப் பாஷையும் வந்துவிடுமாம். ஆறாம் வகுப்புப் பரீட்சைக்கு வரலாற்றுப் புத்தகத்தைத் தலைக்கு வைத்துப் படுத்த ஆளுக்கு இது போதாதா? "அன்னைக்கு என்னா வந்துச்சு? கழுத்துச் சுளுக்குதான வந்துச்சு?" என்பார் மனைவி பிரிஜெட். தூங்கினவன் கன்று கடாக்கன்று என்ற பழமொழியையும் நாள் தவறாமல் ஒரு தரம் சொல்லிவிடுவார்.

இஞ்ஞாசிமுத்துவுக்கு வயது ஐம்பத்தெட்டு. பாடாங் செராய்ப் பக்கத்துத் தோட்டங்களிலிருந்து எண்ணெய் ஆலைக்குச் செம்பனைக் குலை ஏற்றும் லாரி ஓட்டுகிறார். இருட்டோடு போனால் மதியம் இரண்டு மணிக்கு வீடு. மலாயும் தெலுங்கும் மலையாளமும் வெளுத்து வாங்குவார். ஹொக்கியனில் மட்டும் நாலே வார்த்தை தெரியும். அதில் மூன்று, கோயில் வளாகத்தில் சொல்லக் கூடாதவை.

அந்த நாலும் போதுமென்றுதான் இத்தனை வருடம் இருந்தார். மகள் எலைன் காதலித்த பையன் வெய் கியாட்டின் அம்மா ஹொக்கியன்காரி. மேடம் லிம் என்று பெயர், கோலா கெத்திலில் காய்கறி வியாபாரம். சீனப் பெருநாளுக்கு இவர்கள் அங்கே போனபோது, "சூடா மாக்கான்?" என்று அந்தம்மா மலாயில் கேட்டார். சாப்பிட்டாச்சு என்று இவர் சொன்னார். அத்தோடு பேச்சு தீர்ந்துவிட்டது. இரண்டு பேரும் எதிரெதிரே உட்கார்ந்து மண்டரின் ஆரஞ்சு உரித்தார்கள். வீடு திரும்பும்போது இவருக்கு மட்டும் வயிற்றில் ஒன்பது பழம்.

"பசார் மலாய்ல வெண்டக்காய் வெல கேக்கலாம். பொண்ண எப்படி லா ஒப்படைக்கிறது?" என்று வழியெல்லாம் புலம்பினார். பெண் கேட்டு அவர்கள் வரும்போது ஒரே ஒரு வாக்கியமாவது அந்தம்மாவின் பாஷையிலேயே சொல்லிவிட வேண்டும் என்று அன்றே முடிவு செய்தார். 'எங்களுக்கு இருப்பது ஒரே பெண், உங்கள் பெண்ணாகப் பார்த்துக்கொள்ளுங்கள்' என்ற வாக்கியம்.

கோப்பிக் கடைக்கார ஆ செங்கிடம், ஹொக்கியனில் பேசிப் பதிவு செய்யச் சொல்லிக் கைப்பேசியை நீட்டினார். இருபது சொல், கடைசியில் அந்த வாக்கியம், எல்லாம் மும்மூன்று தரம். மூன்று எதற்காம்? "பிதா, சுதன், பரிசுத்த ஆவி. மூணு தரம் சொன்னாதான் நெலைக்கும்." எல்லாம் சரி. பதிவு செய்யப் போன நேரம், லீவு நாள் காலை எட்டு மணி! கடையில் கூட்டம் அலைமோதுகிற நேரம். ஒரு சொல் முடிவதற்குள், "கோப்பி ஓ பெங், புங்குஸ்!" என்று எவனோ ஐஸ் கோப்பியைப் பொட்டலம் கட்டச் சொல்லிக் கத்துகிறான். "ஹோ, ஹோ!" என்று ஆ செங் பதில் கொடுக்கிறார். ஹோ என்றால் சரி, ஆகட்டும். இருபது சொல்லுக்கு நடுவே பதினோரு கோப்பி.

இரண்டு மாதம் ஓடியது. அதுவரை தூக்கத்தில் "ரிவர்ஸ்! ரிவர்ஸ்!" என்று லாரியைப் பின்னால் எடுத்துக்கொண்டிருந்த மனிதர், இப்போது "கோப்பி ஓ பெங், புங்குஸ்!" என்கிறார். விழித்திருக்கும்போது எலைன் சோதித்தால் மூன்றாவது சொல்லிலேயே வண்டி நின்றுவிடும்.

"அப்போஸ்தலருங்களுக்கு ஆவியானவர் ஒரே நாள்ல எல்லாப் பாஷையும் குடுக்கலியா?"

"குடுத்தாரு டேடி. ஆனா அவுங்க முழிச்சிருந்தாங்க," என்றாள் எலைன்.

பிரிஜெட் சிரித்தாலும் உள்ளுக்குள் பயம்தான். சம்பந்தியம்மா முன்னால் வாயைத் திறந்து இந்த மனுசன் கோப்பிக்கு ஆர்டர் கொடுத்துவிட்டால்? பிள்ளை வாழப்போகிற வீடாயிற்றே!

போன ஞாயிறு நாலு மணிக்கு அவர்கள் பெண் கேட்டு வருவதாகப் பேச்சு. பூசை முடிந்து, சாப்பிட்டு, "கடைசி ரிவிஷன்" என்று தலையைக் கட்டிக்கொண்டு சாய்ந்தார். எலைன் கேக் எடுக்கக் கூலிம் டவுனுக்குப் போயிருந்தாள். மூன்றேகாலுக்கே வாசலில் கார் சத்தம். மழைக்கு முன்னால் வந்துவிடலாம் என்று மேடம் லிம் சீக்கிரமே புறப்பட்டுவிட்டாராம். வெய் கியாட் காரை நிறுத்த இடம் தேடப் போக, அந்தம்மா பழக்கூடையோடு உள்ளே வந்துவிட்டார்.

"ஐயோ மாதாவே!" அடுப்படியிலிருந்து பிரிஜெட் ஓடி வந்தார். கைலி, பனியன், தாடைக்கட்டு, திறந்த வாய். இந்தக் கோலத்திலா சம்பந்தியை வரவேற்பது?

"கோப்பி ஓ பெங், புங்குஸ்!" என்றார் இஞ்ஞாசிமுத்து. "ஹோ, ஹோ!" என்று தனக்குத்தானே பதிலும் சொல்லிக்கொண்டார்.

மேடம் லிம் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். பிரிஜெட்டுக்கு மானம் கப்பலேறிவிட்டது. கணவரின் தோளைப் பிடித்து உலுக்கினார். "எலைன் அப்பா! எந்திரிங்க, வந்துட்டாங்க!"

அவர் எழுந்திருக்கவில்லை. அந்த வாக்கியம்தான் வந்தது. இரண்டு மாதமாக விழித்த வாயில் ஒரு தரம்கூட உருப்படியாக வராத வாக்கியம், முதல் சொல்லிலிருந்து கடைசிச் சொல் வரை தடங்கலில்லாமல் வந்தது. பிறகு இரண்டாம் தரம். மூன்றாம் தரம். பிரிஜெட் தோளிலிருந்து கையை எடுக்க மறந்து நின்றார்.

மேடம் லிம்மின் சிரிப்பு நின்றுவிட்டது. எழுப்ப வேண்டாம் என்று பிரிஜெட்டிடம் தலையை ஆட்டினார். கூடையைக் கீழே வைத்துவிட்டு, நாற்காலியருகே குனிந்து, துண்டை ஓரமாக விலக்கி, ஒயரை மெல்ல உருவினார். அந்தக் காதுக்குப் பக்கத்தில் வாயை வைத்து, "ஹோ," என்றார். கொஞ்சம் பொறுத்து இன்னொரு தரம் சொன்னார். பிறகு, மூன்றாவது தரமும்.