பீப் போடுகிறவர்

தொலைக்காட்சி நிலையத்தின் மூன்றாம் மாடியில், சன்னல் இல்லாத அறையில், பதினெட்டு வருடங்களாக வசவு கேட்டுக்கொண்டிருப்பவர் அவர். ஊர் கேட்கக்கூடாது என்பதற்காக ஒருவராவது கேட்டாக வேண்டுமே. கெட்ட வார்த்தை வரும் இடத்தை வெட்டியெடுத்து, அங்கே ஒரு ‘பீப்’ வைப்பது வேலை. ஆபீசில் பெயரே பீப் அண்ணன். சொந்த வாயில் ‘சனியனே’ என்றுகூட வந்ததில்லை.

வெளியே பீப்புக்குப் பல உத்தியோகம். காருக்குப் பின்னால் நின்றால் விலகு என்னும். மைக்ரோவேவில் பால் சூடாகிவிட்டது என்னும். கடையில் சோப்பு பில்லில் ஏறிவிட்டது என்னும். ஆஸ்பத்திரியில், ஆள் இன்னும் இருக்கிறார் என்னும். எல்லா இடத்திலும் எதையோ சொல்லத்தான் கத்துகிறது. சொல்லவிடாமல் கத்துவது இவர் அறையில் மட்டும்தான்.

மனைவி பிரிந்து இரண்டு வருடம் ஆகிறது. வாய் திறந்தால் திட்டுகிறவள். அவள் ஆரம்பித்தாலே இவர் விளையாட்டாக வாயால் ‘பீப்’ என்பார். முதல் வருடம் சிரித்தாள். பத்தாவது வருடம், “நான் பேசறது எதுவுமே உன் காதுல ஏறாது” என்று பெட்டியை எடுத்தாள். வேறு ஊரில் வேலை. எப்போதாவது குறுஞ்செய்தி வரும்: ‘வணக்கம். கேஸ் சிலிண்டர் புத்தகத்தை அனுப்பி வைக்கவும். நன்றி.’ அந்த ‘நன்றி’யைப் போல ஒரு வசவை அவர் பதினெட்டு வருடத்தில் கேட்டதில்லை.

அவள் குரல் மிச்சமிருந்தது ஒரே ஒரு பதிவில். வீட்டுக்குப் பெயிண்ட் அடித்த அன்று, டப்பாவைக் கவிழ்த்த இவரை ஏணியில் நின்றபடி அவள் வாங்கு வாங்கென்று வாங்கியது. அதை வேடிக்கைக்காக அவளுடைய பெரியப்பாவுக்கு அனுப்புமுன், தொழில் பழக்கத்தில் மூன்று இடத்தில் பீப் வைத்து, அதன்மேலேயே சேமித்துவிட்டார். பீப்புக்கு அடியில் வார்த்தை ஒளிந்திருப்பதாக ஊர் நம்பும். அடியில் ஒன்றுமே கிடையாது என்பது இவருக்குத் தெரியும். வார்த்தை நினைவிருந்தது. அவள் அதைச் சொன்ன விதம்தான் போய்விட்டது.

ஒரு மத்தியானம் துணிந்து அழைத்தார். அவள் எடுக்கவில்லை. ‘பீப் ஒலிக்குப் பிறகு பேசவும்’ என்றது போன். ஆயிரக்கணக்கான பீப்பை இம்மி பிசகாமல் வைத்த மனிதர், பதற்றத்தில் பீப்புக்கு முன்பே பேச ஆரம்பித்துவிட்டார். விளக்கமெல்லாம் காற்றோடு போனது. பதிவானது வால் மட்டும்: “…ஒரே ஒரு தடவை திட்டிடு.”

அரை மணியில் அவளே கூப்பிட்டாள்.

“என்னங்க, உடம்பு கிடம்பு சரியில்லையா?”

“நல்லாத்தான் இருக்கேன். திட்டத்தான் சொன்னேன்.”

“காரணமே இல்லாம திட்ட நான் என்ன உங்க மேனேஜரா?”

“காரணம் இருக்கு. நீ ஏணியில நின்னு திட்டின பதிவுல மூணு இடத்துல பீப் வெச்சு, ஒரிஜினலை அழிச்சிட்டேன்.”

“எதுக்கு?”

“உங்க பெரியப்பா கேப்பாரேன்னு…”

“அவர் லாரி ஆபீஸ்ல முப்பது வருஷம் குப்பை கொட்டினவரு, அவருக்குத் தெரியாத வார்த்தையா? அவர் காதுக்காக என் வாயை வெட்டி எறிஞ்சியாடா, மாங்கா மடையா!”

இந்தத் தடவை இவர் ‘பீப்’ என்று சொல்லவில்லை.

தான் திட்டியது அவளுக்கே கேட்டுவிட்டது போலும். குரல் இறங்கியது. “சரிங்க, மீட்டிங் இருக்கு. வெச்சிடறேன்.”

இந்தத் திட்டைப் பதிவு செய்யவில்லை என்பது போனைக் கீழே வைத்த பிறகுதான் உறைத்தது.

அன்று மாலை வந்த விவாத நிகழ்ச்சியில் ஒரு பிரமுகர் இன்னொருவரை மடையன் என்றார். நிலையத்தின் தடைப் பட்டியலில் அது பத்தொன்பதாவது வார்த்தை. நான்கு முறை ஓட்டிக் கேட்டார். கட்டைக் குரல், அவள் சொன்னதில் கால்வாசிகூட இல்லை. இருந்தும் வெட்டக் கை வரவில்லை. அப்படியே அனுப்பிவிட்டார்.

மறுநாள் மேனேஜர் கூப்பிட்டார். “என்ன அண்ணே, காது கேக்கலையா?”

“நேத்துலேருந்து நல்லா கேக்குது சார். ரெண்டு நாள் லீவு வேணும்.”

“எதுக்கு?”

“ஒரு கேஸ் புத்தகத்தை நேர்ல கொண்டுபோய்க் குடுக்கணும்.”