ஏழுமலையின் கடைசிப் பத்தி

அந்தக் கடைசி வரியை எழுதியவன் நான். ஏழுமலை அல்ல.

எந்த வரி என்கிறீர்களா? 'ஆறு செத்துவிட்டது; கரையில் நாங்கள் துக்கத்துக்கு வந்தவர்களாக நிற்கிறோம்.' நல்ல வரி. இன்றும் சொல்கிறேன், மிக நல்ல வரி!

நாளிதழில் வாசகர் கட்டுரைகளைத் திருத்துவது என் வேலை. முடிவுப் பத்தி சரியில்லை என்றால் அலுவலகமே என் மேசைக்குத்தான் வரும். நன்றி சொல்லி முடிக்காதே. சொன்னதையே சுருக்கித் திரும்பச் சொல்லாதே. தொடங்கிய இடத்தைத் தொட்டுவிட்டு நிறுத்து. எல்லாவற்றுக்கும் மேலாக, முடிவில் புதிய தகவல் கூடாது... இருபது ஆண்டுகளில் இந்த விதிகள் என்னைக் கைவிட்டதில்லை.

ஏழுமலை எண்ணூர் முகத்துவாரத்தை ஒட்டிய குப்பத்தில் மீன்பிடிப்பவர். அனல்மின் நிலையச் சாம்பல் ஆற்றில் படிவதைப் பற்றிக் கோடு போட்ட நோட்டில் ஆறு பக்கம் எழுதி, இராயபுரத்தில் என் வீட்டுக்கே கொண்டுவந்து கொடுத்தார். வலையை அலசினால் கை சாம்பல் பூத்துப்போகிறது என்று தொடங்கியிருந்தார். அபாரமான தொடக்கம்!

ஆனால் முடிவு? 'வரும் வியாழக்கிழமை எங்கள் பாடு. வலை போடப் போகிறோம்.'

பாடு என்பது முறை. எந்த நாளில் எந்தக் குடும்பங்கள் ஆற்றின் எந்த இடத்தில் வலை போடலாம் என்று ஊர் கூடி வகுத்தது. அந்தச் சொல் அதுவரை கட்டுரையில் எங்குமே இல்லை. புதிய தகவல்! அடித்தேன். என் வரியை வைத்தேன். அவரிடம் கேட்கவில்லை.

கட்டுரை வந்த ஞாயிறன்று எத்தனை பேர் அழைத்தார்கள் தெரியுமா? "அந்த முடிவு..." என்று தொடங்கி, வரியை மனப்பாடமாக ஒப்பித்தார்கள். நானும் அடக்கமாக இருந்தேன்.

பிறகு அதே ஆற்றின் குறுக்கே குழாய் பதிக்கும் திட்டத்துக்குக் கருத்துக் கேட்புக் கூட்டம் நடந்தது. பாதிக்கப்படும் குப்பங்களின் பட்டியலில் தங்கள் ஊரைச் சேர்க்கச் சொல்லி ஏழுமலை எழுந்தார். அதிகாரி நாளிதழ் நறுக்கைத் தூக்கிக் காட்டி, கடைசி வரியை நிறுத்தி நிதானமாகப் படித்தார்.

"நீங்க எழுதினதுதானே? செத்த ஆத்துல என்னங்க தொழில் பாதிக்கும்?"

பின்வரிசையில் மீன் விற்கும் பெண் ஒருத்தி குரல் கொடுத்தாள். "இன்னா ஏழுமல, ஆத்துக்குப் பாலும் ஊத்திட்டியா?"

கூட்டம் சிரித்தது. ஏழுமலை என்னைப் பார்த்தார். பத்திரிகையாளர் வரிசையில், கையெட்டும் தூரத்தில் இருந்தேன். அது என் வரி... மூன்றே சொற்கள்! சொன்னேனா? வேறொருவர் வாயில் என் வரி எவ்வளவு கனமாக ஒலிக்கிறது என்றல்லவா கேட்டுக்கொண்டிருந்தேன்!

"சார், போன வாரங்கூட எறா புட்சோம் சார்," என்றார் ஏழுமலை. அதிகாரி அடுத்தவரை அழைத்தார். பட்டியல் வந்தபோது அதில் அவர்கள் ஊர் இல்லை.

கூட்டம் முடிந்த அன்றே ஏழுமலை வாசலில் என்னை நிறுத்தினார். கோபம் இல்லை. இருந்திருக்கலாம்...

"நல்லாத்தான் எழுதிக்கீறண்ணா. எங்க வூட்ல படிச்சிட்டு அழுதுச்சு. ஆனா நான் எழுதினத வுட்டிருந்தின்னா, எங்களுக்குப் பாடு கீதுன்னு பேப்பர்லயே இருந்திருக்கும்ல?"

முடிவு வலுவாக இருக்க வேண்டும் என்று விளக்கினேன். ஆம், அங்கேயும் விளக்கினேன்!

"உனுக்கு முடிஞ்சிப்போச்சு," என்றார். "எனுக்கு நாளைக்கும் வல கீதேண்ணா."

ஒரு திருத்தம் வெளியிட்டிருக்கலாம். கடைசி வரி கட்டுரையாளருடையது அல்ல என்று நான்கு சொற்கள் போதும். பல முறை எழுதினேன். அச்சுக்கு அனுப்பவில்லை. வேலை போய்விடும் என்ற பயமா? இல்லை. அந்த வரி தவறு என்று என் கையாலேயே எழுத மனம் வரவில்லை. இந்தக் கணம்கூட அதைப் படித்துப் பார்த்தேன். ஒரு சொல்லை மாற்ற முடியாது!

இதற்கும் ஒரு முடிவு வேண்டுமே. நான்கைந்து வந்து நின்றன, எல்லாமே அழகானவை. அடித்துவிட்டேன்.

வரும் வியாழக்கிழமை அவர்கள் பாடு. வலை போடப் போகிறார்கள்.