பேட்டரி ஏற்றாத படகு

பூட்ஸ் காலைப் படகின் விளிம்பில் ஊன்றிக்கொண்டு அந்த ஆயுதக்காரன் ஏற்றிப்போகச் சொன்னது ஒரு பேட்டரியைத்தான். ஆற்றில் இரண்டு வளைவு தள்ளி இறக்கிவிட்டால் போதும் என்றான்.

"ஏத்தமாட்டேன்" என்றாள் படகோட்டி தியோஃபிலா.

"பேட்டரி என்ன சுடவா போகுது, அத்தை?"

"அது சுடாது. நாளைக்கு எதிர்க்கரைக்காரன் இந்தப் படகைச் சுடுவான்."

ஆற்றில் போகிறவள் அடுத்தவர் சாமானை மறுத்து நான் கண்டதில்லை, உன்னை என்ன சொல்லி வளர்த்தார்கள் என்று அவன் சிரித்தான். தியோஃபிலா இஞ்சினை அணைத்தாள். ஓடிவிடுவாள் என்று அவனுக்குச் சந்தேகம் வரக் கூடாது.

படகுக்குள் ஓர் எம்பெரா பழங்குடிப் பெண் பிரசவ வலியில் துடித்துக்கொண்டிருந்தாள். அவள் கையைப் பிடித்திருந்த யிசெல், நிவாரண அமைப்பின் மொழிபெயர்ப்பாளர். பேட்டரியை வாங்கித் தொலைத்தால் என்ன என்றிருந்தது யிசெலுக்கு. கால் மணி நேரம் கழித்து அவன் காலை எடுத்தான். குழந்தை ஆஸ்பத்திரியில் பிறந்தது.

அட்ராட்டோ ஆற்றில் கீழே போகும் படகு, கரையில் நிற்பவர் நீட்டும் மீனையோ கோழியையோ வாங்கிப் போய்க் கீழே உள்ளவரிடம் சேர்க்க வேண்டும், அது அங்கே வழக்கம். மறுப்பவர் மனிதரே இல்லை. தியோஃபிலாவும் இருபது வருடம் அப்படித்தான் ஓட்டினாள். நிவாரண அமைப்பின் கொடியைப் படகில் கட்டிய நாளோடு அந்த வழக்கத்தை விட்டாள். யார், என்ன ஏறுகிறது என்பதை இரு கரை ஆயுதக்காரர்களுக்கும் அமைப்பினர் முன்கூட்டியே சொல்லிவிடுவார்கள், சொல்லாதது ஏறாது. அந்த நம்பிக்கையில்தான் ஆறு வழிவிட்டது.

ஒருமுறை யிசெலே ஆற்றங்கரைப் பழக்கத்தில் தியோஃபிலாவின் அக்காளிடம் உப்புமீன் பொட்டலத்தை வாங்கிவிட்டாள். தியோஃபிலா படகைத் திருப்பிப் போய்க் கொடுத்துவிட்டு வந்தாள். அக்காள் ஒரு வருடம் முகங்கொடுத்துப் பேசவில்லை.

"மீனுக்கு ஒரு நியாயம், பேட்டரிக்கு ஒரு நியாயம்னா அவனுக்கு நான் என்ன பதில் சொல்றது?" என்றாள் தியோஃபிலா, அவ்வளவுதான்.

சென்ற மழைக்காலத்தில் அவள் மகன் எலியெசர் துப்பாக்கி தூக்கிக் காட்டுக்குப் போய்விட்டான் என்று செய்தி வந்தது. மறுநாளும் அவள் வந்தாள். எரிபொருள் ஊற்றினாள், கொடியைக் கட்டினாள். நடு ஆற்றில், தண்ணீரிலிருந்து கண்ணை எடுக்காமல் யிசெலிடம் கேட்டாள்:

"அவன் ஒருநாள் கரையில நின்னு கையைக் காட்டுவான். ஏத்தக் கூடாதுன்னு தெரியும். பெத்த வாய் அதைச் சொல்லுமான்னுதான் தெரியல. அன்னைக்கு நீ சொல்லிடு மகளே, துப்பாக்கியோட ஏறக் கூடாதுன்னு. என் முகத்தைப் பாக்காம சொல்லிடு."