வெள்ளைத் தாளாகிப்போன முகங்கள்

இரண்டாம் வகுப்போடு என் படிப்பு நின்றுவிட்டது. எழுத்துக் கூட்டித்தான் படிப்பேன். ஆனாலும், தெரியாது என்று யாரிடமும் சொல்லிப் பழக்கமில்லை.

அடையாற்றில் எங்கள் வீட்டு முன்னறையில் என் மருமகள் கம்ப்யூட்டரில் கல்யாண ஆல்பம் செய்கிறாள். அன்று காலையில் அவள் வடபழனிக்கு ஒரு மண்டபத்துக்குப் போயிருந்தாள். மாடி வீட்டுக்காரி ஒரு பென் டிரைவோடு வந்தாள். ஏதோ விண்ணப்பமாம், பிரிண்ட் வேண்டுமாம்.

"அக்கா இல்லியா? சரி வுடு ஆயா, உனக்கு இன்னா தெரியும்."

அந்த வார்த்தை எனக்கு உறைத்தது. "ஏன் தெரியாது? குடு இப்பிடி," என்று வாங்கி, மருமகள் செய்வதுபோலவே சொருகினேன். மஞ்சளாக ஒரு பை தெரிந்தது. இரண்டு தட்டு தட்டினேன். ஒன்றும் வரவில்லை. அவள் சிரித்தாள். "அக்கா வந்தா சொல்லு," என்று படியேறிவிட்டாள்.

திரும்பிப் பார்த்தேன். திரையில் கல்யாணப் படங்கள் சின்னச் சின்னதாக வரிசையாக இருந்தன. முதல் வரிசையில் மணப்பெண்ணின் முகம் போய் அந்த இடத்தில் வெள்ளைத் தாள் நின்றது. அப்புறம் மாப்பிள்ளை. அப்புறம் நாதஸ்வரக்காரர். ஒவ்வொன்றாக, யாரோ உள்ளே உட்கார்ந்து துடைப்பதுபோல. அந்த மணப்பெண்ணின் அப்பா கல்யாணம் முடிந்த பத்தாம் நாள் தவறிவிட்டார். அவர் நின்ற கடைசிப் படங்கள் அவை. படம் எடுத்தவர் தன் கேமராவில் இருந்ததை எப்போதோ அழித்துவிட்டார். மிச்சம் ஒரு பிரதி உள்ளறையில் மருமகளின் லேப்டாப்பில் மட்டும்.

பென் டிரைவைப் பிடுங்கி மேசையில் போட்டேன். துடைப்பது நிற்கவில்லை. முன்பு வெள்ளத்தில் ஆற்றுத் தண்ணீர் வீட்டுக்குள் வந்தபோது முதலில் கரண்ட் மெயினைத்தான் அணைத்தேன். இப்போதும் கை அங்கேதான் போனது. ஆனால் அணைத்தால் மிச்சமும் போய்விடுமோ என்று பயந்து, போனில் மருமகளைக் கூப்பிட்டேன்.

"முகமெல்லாம் அழியுதும்மா."

"இன்னாத்த சொல்ற? ஐயோ, வைரஸு! கம்ப்யூட்டர அணைக்காத. பின்னாடி நீல ஒயரு கீது பாரு, அத மொதல்ல புடுங்கு. செவுத்துல நெட்டு பெட்டி கீதுல்ல, அதையும் ஆஃப் பண்ணு. இல்லன்னா லேப்டாப்புக்கும் போயிடும்."

நீல ஒயர் வரவில்லை. நகத்தால் அழுத்தி இழுத்தபின் வந்தது. பெட்டியின் பச்சை விளக்கும் அணைந்தது.

"லேப்டாப்ப தொடாத. அத்த, நீ எதுனா சொருகினியா?"

"நான் எதுக்குச் சொருகப்போறேன்," என்றேன். என் வாயிலிருந்துதான் வந்தது.

மருமகள் ஆட்டோ பிடித்து வந்தாள். திரையைப் போனில் படம் எடுத்து கம்ப்யூட்டர் மெக்கானிக்குக்கு அனுப்பி, வரச் சொன்னாள். என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. அதுதான் தாங்கமுடியவில்லை. உள்ளறையிலிருந்து லேப்டாப்பைக் கொண்டுவந்து திறந்தாள். முகங்கள் இருந்தன.

"நல்லவேளை, இங்க வரல. நெட்டு வழியாத்தான் வந்துகீது. மெக்கானிக் வர்றதுக்குள்ள இன்னொரு காப்பி எடுத்துடறேன்." சொல்லிக்கொண்டே மேசையில் கிடந்த பென் டிரைவை எடுத்தாள். எல்லாம் ஒரே மாதிரிதானே இருக்கின்றன. தன்னுடையது என்று நினைத்திருப்பாள்.

அது லேப்டாப்பின் ஓரத்தைத் தொட்டுவிட்டது. நான் அவள் மணிக்கட்டைப் பிடித்தேன்.

"வேணாம். அதுலேருந்துதான் வந்துது. நான்தான் சொருகினேன்."

அவள் என்னைப் பார்த்தாள். நான் கையை விடவில்லை. "போன்ல கேட்டனே அத்த," என்றாள். கத்தவில்லை.

பென் டிரைவை அவள் விரல்களிலிருந்து நானே எடுத்தேன். லேப்டாப்பில் அந்த அப்பா துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு, பந்தியில் யாரையோ சாப்பிடச் சொல்லிக் கை காட்டிக்கொண்டிருந்தார். மெக்கானிக் வரும்வரை நாங்கள் இருவரும் அவரைப் பார்த்தபடியே உட்கார்ந்திருந்தோம்.