டப்பா இடிக்கும் சத்தம்

தகர டப்பாவோடு தகர டப்பா இடிக்கும் "டங்" என்ற சத்தம் எங்கே கேட்டாலும், எனக்கு அறுபதுகளின் தாராவிதான் கண்ணில் வந்து நிற்கும். சாயங்காலம் நாலு மணிக்குத் தண்ணீர் வரும் குழாய்க்கு எங்கள் சந்துப் பெண்கள் மத்தியானமே "நம்பர்" போட்டுவிடுவார்கள். ஆள் நிற்க வேண்டாம், எண்ணெய் டப்பாவை வரிசையில் வைத்துவிட்டு அவரவர் வேலைக்குப் போகலாம், வைத்த டப்பாவை இன்னொருத்தி நகர்த்தக் கூடாது என்பதுதான் சட்டம். நகர்த்தினவள் டப்பா ஒரு வாரத்துக்குக் கடைசி. பெயிண்ட் வேலைக்குப் போய்வந்த அப்பா, மீந்த சிவப்புப் பெயிண்டில் எல்லா டப்பாவிலும் அவரவர் பெயரின் முதல் எழுத்தைப் போட்டுக் கொடுத்திருந்தார்.

அந்த வருஷம் எனக்கு ஒன்பது வயது, தங்கை செல்விக்கு ஆறு. ஒன்றாம் வகுப்பில் இடமில்லை, வாசிக்கத் தெரிந்தால் இரண்டில் உட்கார வைக்கிறேன் என்று தமிழ்ப் பள்ளிக்கூடத்து டீச்சர் சொல்லிவிட்டார். இல்லையென்றால் வீட்டில் கைப்பிள்ளையைப் பார்த்துக்கொண்டு இருக்க வேண்டியதுதான். "நின்னுட்டா நின்னதுதாம்ட்டி" என்பாள், தோல் கிடங்கு வேலைக்குப் போகும் அம்மா. அப்படி நின்றுபோன அக்காமார் எங்கள் சந்தில் வீட்டுக்கு ஒருத்தி இருந்தாள். விடுவேனா நான்?

செல்விக்கு எழுத்தெல்லாம் தெரியும், சேர்க்கத்தான் தெரியாது. "க", "ல்" என்று தனித்தனியாகச் சொல்லிவிட்டு, நான் மிட்டாய் தரப்போவதுபோல என் முகத்தையே பார்ப்பாள். சிலேட்டுக் குச்சி தேய்ந்ததுதான் மிச்சம். ஒருநாள் குழாயடியில் ஆளில்லாத நேரம், கனகம் அக்காவின் "க" டப்பாவை வைத்து, லட்சுமி அத்தையின் "ல" டப்பாவில் எழுத்தின் தலையில் சுண்ணாம்புப் புள்ளி இட்டு, மெல்ல அதன் பக்கம் தள்ளினேன். "டப்பா இடிக்கும்போது நீயும் இடிச்சுச் சொல்லுட்டி." டங்! "கல்!" என்றாள் செல்வி, தன் குரலுக்குத் தானே பயந்த மாதிரி. அன்றிலிருந்து தினமும் "பல்", "பலம்" என்று நகர்த்துவதும், ஆள் வருமுன் பழைய இடத்தில் வைப்பதுமாகப் போயிற்று.

"மரம்" வைத்த அன்று தண்ணீர் அரை மணி முன்னாலேயே வந்து தொலைத்தது. இரண்டு "ம" இருந்தனவே, எதை முன்னால் வைப்பது என்று எனக்கு யோசிக்கத் தோன்றவில்லை. முதல் நம்பர் போட்டிருந்த மகராசி சித்தி ஓடிவந்து பார்த்தால், அவள் டப்பா மூன்றாவது. வரிசைக் கடைசியில் இருந்த மரியம் லாத்தா டப்பா முதலாவது.

"ஏ மரியம், உன் டப்பாவுக்குக் கால் மொளைச்சிட்டோ?"

"கால் இருந்தா நான் ஏன் இடுப்பு ஒடியச் சொமக்கேன்? மகராசின்னு பேரு, வாயைப் பாரு!"

கை கொண்டைக்கு நீளும் முன் நான் குறுக்கே போய் நின்றேன். "நாந்தான் சித்தி மாத்துனேன். செல்விக்கு வாசிக்கச் சொல்லிக் கொடுக்க."

"டப்பாவுல என்னட்டி வாசிப்பு?"

செல்வி என் பாவாடையைப் பிடித்துக்கொண்டு, டப்பாக்களைப் பார்த்து, அழுகையோடே "மரம்" என்றாள். சித்தி குனிந்து தன் டப்பாவையே பார்த்தாள். "இத்தனை வருசமா தூக்குதேன், இதுல மரமா இருக்கு? அதான் இந்தக் கனம் கனக்கு!" சந்தே சிரித்தது.

சிரித்தாலும் சட்டம் சட்டம்தான். ஒரு வாரம் எங்கள் டப்பா கடைசி. பாதி நிறைவதற்குள் குழாய் நின்றுபோன நாட்களில் அம்மா என்னோடு பேசவில்லை. ஆனால் மரியம் லாத்தா, "நம்பரைத் தொடாத, புள்ள. தண்ணிய ஊத்திட்டுக் காலி டப்பாவ வாசல்ல வைக்கேன், கொண்டுபோய் மரம் நடு, காடே நடு" என்றார். மறுநாள் எல்லா வாசலிலும் டப்பா இருந்தது.

ஜூன் மாதம் செல்வியைச் சேர்க்கக் கூட்டிப்போனபோது, வாசிக்கச் சொல்லி டீச்சர் கரும்பலகையில் எழுதியது "கடல்". நாங்கள் வைத்தே பார்க்காத வார்த்தை. "ட"வில் பெயர் தொடங்க எங்கள் சந்தில் ஆள் ஏது! செல்வி இரண்டு கையையும் முஷ்டி பிடித்தாள். மெல்ல ஒன்றோடொன்று இடித்தாள். "கட... கடல்."

இப்போது அந்தச் சந்து இருந்த இடத்தில் மாடிக் கட்டடம். வீட்டுக்குள்ளேயே குழாய், டப்பாவும் இல்லை நம்பரும் இல்லை. அந்தச் சண்டை ஒழிந்ததில் எனக்கு வருத்தமில்லை. போன மாதம் செம்பூரில் டாக்டரைப் பார்க்கப் போனபோது, மருந்துச் சீட்டில் வாய்க்குள் நுழையாத ஒரு பெயர். ஆபீஸில் காலமெல்லாம் ஃபைல் பார்த்து ஓய்வுபெற்ற என் தங்கை கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டாள். மடியில் இருந்த பைக்குப் பின்னால், யாருக்கும் தெரியாமல், இரண்டு முஷ்டியும் இடித்துக்கொண்டன.