எல்மாஸ் வாசலுக்கு வந்த சீதெம் பூ

பனி உருகும் ஓரத்தில் மஞ்சள் சீதெம் பூ தலைகாட்டிவிட்டால் ஊர்ப் பிள்ளைகளுக்குக் கால் தரையில் நிற்காது. கூர்க்குச்சியால் கிழங்கோடு தோண்டி, பூக்களை முள்கிளையில் குத்திக்கொண்டு வீடுவீடாகப் பாடி வருவார்கள். ஒரு வீட்டில் கோதுமைக் குருணை கிடைக்கும், ஒரு வீட்டில் வெண்ணெய். எல்லாம் கடைசியில் எல்மாஸின் முற்றத்துக்கு வந்து சேரும். கிழங்கைத் தோலுரித்துப் போட்டு, பெரிய அண்டாவில் குருணைச் சோறு ஆக்குவது அவள்தான். கல்யாணமாகி வந்த வருஷத்திலிருந்தே அப்படித்தான்.

எல்மாஸுக்குப் பிள்ளை இல்லை. வெண்ணெய் தருகிறவளுக்கு மகன் பிறக்கட்டும் என்று போகும் பாட்டு. அவள் வாசலில் மட்டும், அவள் ஆடு இரட்டைக் குட்டி போடட்டும் என்று பிள்ளைகள் மாற்றிப் பாடுவார்கள். முதல்முறை அதைக் கேட்டு எல்மாஸ் விழுந்து விழுந்து சிரித்ததை, பக்கத்து வீட்டிலிருக்கும் அவள் அக்கா தோனே இன்றும் சொல்வாள். தங்கையைப் பற்றி அவளுக்கு அத்தனை பெருமை. கிழங்கின் நார்த்தோலில் ஓர் இழைகூட எல்மாஸ் ஆக்கிய சோற்றில் கிடந்ததில்லை என்பாள்.

ஒரு குளிர்காலத்தில் எல்மாஸின் கணவர் துராலி இறந்துபோனார். துக்க வீட்டு வாசலில் பாட்டு வேண்டாமென்று தோனேயே பிள்ளைகளைக் கூப்பிட்டுச் சொன்னாள். கீழ்த்தெரு வழியாகப் போங்கள், இந்த வருஷம் சோற்றை வேறு வீட்டில் ஆக்கிக்கொள்ளலாம் என்றாள்.

பூ வந்த அன்று காலை தோனே தங்கையைப் பார்க்கப் போனாள். முற்றம் பெருக்கியிருந்தது. அண்டா தேய்த்துக் கவிழ்த்திருந்தது. மடியில் வெண்ணெய்க் கிண்ணத்தோடு எல்மாஸ் வாசற்படியில் உட்கார்ந்திருந்தாள். கீழ்த்தெருவில் பாட்டுச் சத்தம் எழுந்து, மெல்லத் தேய்ந்து போயிற்று.

"நீதானே அக்கா சொன்னே?"

"உன் மனசு நோகக் கூடாதுன்னுதான்."

"போனது அவரு. என்னையும் சேத்து அனுப்பிட்டியே."

தோனே நேரே கீழ்த்தெருவுக்கு இறங்கினாள். எல்மாஸ் வாசலுக்கு வரச் சொன்னதும் பிள்ளைகள் தயங்கினார்கள். நீங்கள்தானே வேண்டாமென்றீர்கள் என்று ஒரு பெண் முகத்துக்கு நேரே கேட்டுவிட்டாள். தோனே முள்கிளையை வாங்கிக்கொண்டு தானே முன்னால் நடந்தாள். தங்கை வாசலில் நின்று, பேரன் பேத்தி எடுத்த வயதில், கரகரத்த குரலில் பாட்டை எடுத்தாள். ஆட்டுக்குட்டி வரி வந்தபோது குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

எல்மாஸ் எழுந்து வந்து வெண்ணெயை நீட்டினாள்.

"கொஞ்சம் சத்தமா பாடுக்கா. ஆட்டுக்குக் கேக்க வேணாமா?"

அதற்குள் பிள்ளைகள் அண்டாவை நிமிர்த்திவிட்டார்கள்.