அசனத்தில் வாங்கிய ஏச்சு

கோவில்பட்டிக்கு மாற்றலாகி வந்து எட்டு மாதம் ஆகிறது. எங்கள் சர்ச்சில் புதிதாக வந்தவர்களை எழுந்து நிற்கச் சொல்லிக் கை தட்டி வரவேற்பார்கள். போன வாரம்கூடப் பக்கத்தில் இருந்த அம்மா என் முழங்கையைத் தொட்டு, "நீங்க புதுசுல்லா, எழும்பி நில்லுங்க" என்றார்.

நின்றேன். தட்டினார்கள்.

இன்று அசனம். சபையே ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடும் நாள். "நீங்க விருந்தாளி" என்று என்னை முதல் பந்தியில் உட்கார வைத்தார்கள்.

சாப்பிட்டுக் கை கழுவி வந்தபோது, பரிமாற ஆள் போதாமல் ஓடிக்கொண்டிருந்த ஜெபா அக்கா என் கையில் சாம்பார் வாளியைத் திணித்துவிட்டுப் போனார்.

நானும் உற்சாகமாக வரிசையாக எல்லா இலையிலும் ஊற்றிக்கொண்டே போனேன்.

"ஏட்டி! இலையில சோறே விழல, அதுக்குள்ள எதுக்கு சாம்பார ஊத்துத? கண்ணு எங்கன இருக்கு?"

ஜெபா அக்காதான். பந்தியே திரும்பிப் பார்த்தது. ஓடுகிற சாம்பாரை இரண்டு கையாலும் மறித்துக்கொண்டிருந்த ஒரு பெரியவர், "சீக்கிரம் சோத்தக் கொண்டா தாயி, அணை உடையப் போவுது" என்றார்.

எல்லாம் முடிந்து செருப்பைத் தேடினேன். வழக்கமாக "மறுபடியும் வாங்க" என்பார்கள். இன்று ஜெபா அக்காவின் குரல்தான் வந்தது.

"எங்கட்டி கிளம்பிட்ட? அண்டாவ யாரு கழுவுவா?"

கழுவினேன். அடுத்த ஞாயிறு என்னை யாரும் எழுந்து நிற்கச் சொல்ல மாட்டார்கள் என்று நினைக்கிறேன்.

உங்கள் சபையில் உங்களை முதலில் ஏசியது யார்?